அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களின் நல்வாழ்வு: ஓர் ஒப்பீட்டின் வரலாறு

கல்லூரி அணிக்காக விளையாடும் மாணவர், விளையாடாத சக மாணவரைவிட நலமாக வாழ்கிறாரா என்பது ஏறத்தாழ 150 ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி. இக்கேள்வி முதலில் இங்கிலாந்தில் எழுந்தது. பின்னர் அமெரிக்காவில் பெரும் விவாதமாக வளர்ந்தது. உலகின் பெரும்பாலான நாடுகளில் உயர்நிலை விளையாட்டு கழகங்கள், சங்கங்கள், அரசுத் துறை அணிகள் ஆகியவற்றின் வழியே நடக்கிறது. அமெரிக்காவிலோ அது பெருமளவு கல்லூரிகளுக்குள்ளேயே நடக்கிறது. என்.சி.ஏ.ஏ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கீழ் மட்டும் சுமார் 1,100 கல்லூரிகளும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியரும் உள்ளனர். இவர்களில் தொழில்முறை வீரர்களாகிறவர்கள் மிகச் சிலரே. கால்பந்திலும் ஆண்கள் கூடைப்பந்திலும் அந்த விகிதம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே விளையாட்டு அவர்கள் உடலுக்கும் மனத்துக்கும் படிப்புக்கும் எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பது முக்கியமான கேள்வியாகிறது.

இக்கேள்விக்கு ஆய்வாளர்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கண்டனர். வீரர்கள் யாருடன் ஒப்பிடப்பட்டனர், எந்த வயதில் அளக்கப்பட்டனர் என்பதைப் பொறுத்தே அந்த விடைகள் மாறின.

படகு வீரர்களின் ஆயுள்

அமெரிக்காவில் இரு கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி, 1852 ஆகஸ்டில் நியூ ஆம்ப்ஷயர் மாநிலத்தின் வின்னிபெசாக்கி ஏரியில் ஆர்வர்டுக்கும் யேலுக்கும் இடையே நடந்த படகுப் போட்டியாகும். அப்பகுதிக்குப் பயணிகளை ஈர்க்க விரும்பிய ஓர் இரயில் நிறுவனமே அதற்கான செலவை ஏற்றது. கல்லூரி விளையாட்டுக்கும் வணிகத்துக்கும் உள்ள தொடர்பு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

இங்கிலாந்தில் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான படகுப் போட்டி 1829-இல் தொடங்கியது. இவ்வளவு கடுமையான உழைப்பு இளைஞர்களின் இதயத்தைக் கெடுத்து ஆயுளைக் குறைக்கும் என்று 1867-இல் அறுவை மருத்துவர் எப். சி. இசுகீ, 'தி டைம்ஸ்' நாளிதழில் எழுதினார். அது பெரும் சர்ச்சையானது. மான்செசுட்டர் மருத்துவர் சான் எட்வர்டு மார்கன் இதை ஆராய முற்பட்டார். 1829 முதல் 1869 வரை அப்போட்டியில் துடுப்புப் போட்ட 294 பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1873-இல் நூலாக வெளியிட்டார். அவர்களில் 115 பேர் படகோட்டத்தால் நன்மை அடைந்தவர்கள் என்றும், 162 பேர் பாதிப்பு ஏதும் அடையாதவர்கள் என்றும், 17 பேர் தீங்குற்றவர்கள் என்றும் வகைப்படுத்தினார். அக்கால ஆயுள் அட்டவணைப்படி 20 வயது இளைஞர் மேலும் 40 ஆண்டுகள் வாழலாம் என எதிர்பார்க்கப்பட்டது. படகு வீரர்களுக்கு அது 42 ஆண்டுகள் என மார்கன் கணக்கிட்டார்.

இம்முடிவு விளையாட்டு ஆதரவாளர்களுக்கு மகிழ்ச்சி அளித்தது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஆயுள் அட்டவணை சுரங்கத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் உள்ளிட்ட பொதுமக்களுக்கானது. படகு வீரர்களோ நல்ல உணவும் வசதியான வீடும் பெற்ற குடும்பத்துப் பிள்ளைகள். அதிலும் உடல் வலிமை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்கள் நீண்டகாலம் வாழ்ந்தது துடுப்பினாலா, செல்வத்தினாலா என்பதை அந்த ஒப்பீட்டால் பிரித்தறிய முடியவில்லை.

1905-ஆம் ஆண்டு நெருக்கடி

அமெரிக்காவில் விவாதம் நீண்ட ஆயுளைப் பற்றியதாக அல்லாமல், உடனடி மரணங்களைப் பற்றியதாகத் தொடங்கியது. அமெரிக்கக் கால்பந்தின் தொடக்க கால விதிகள் வீரர்கள் ஒருவரோடொருவர் கைகோத்துக் கூட்டமாக மோதுவதை அனுமதித்தன. தலைக்கவசம் கட்டாயமில்லை. 1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் சுமார் 18 பேர் இறந்ததாக நாளிதழ்கள் கணக்கிட்டன. அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்களும் பிற இளைஞர்களும். கல்லூரி மாணவர்களும் இருந்தனர்.

குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் அவ்வாண்டு அக்டோபரில் ஆர்வர்டு, யேல், பிரின்சுடன் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கொலம்பியா பல்கலைக்கழகம் கால்பந்தைக் கைவிட்டது. இசுடான்போர்டும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் இரக்பிக்கு மாறின. 1906-இல் பந்தை முன்னோக்கி எறிவது சட்டபூர்வமாக்கப்பட்டு, ஆட்டம் திறந்தவெளி ஆட்டமாக மாறத் தொடங்கியது. அதே ஆண்டில் உருவான கல்லூரிச் சங்கமே 1910-இல் என்.சி.ஏ.ஏ. எனப் பெயர் மாற்றம் பெற்றது. மாணவர்களின் உயிரைக் காப்பதற்கான விதிகளை வகுக்கவே இந்த அமைப்பு பிறந்தது. பிற்காலத்தில் அதன் மீது எழுந்த பெரும்பாலான விமர்சனங்கள் இந்த முதல் நோக்கத்தைச் சுட்டியே எழுந்தன.

1929-இல் கார்னகி அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை மற்றொரு பக்கத்தைக் காட்டியது. அவார்டு சாவேச் தலைமையிலான குழு நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் கல்லூரிகள் விளையாட்டுக்காகவே மாணவர்களைத் தேடிப்பிடித்துப் பணமும் சலுகையும் அளித்ததைக் கண்டறிந்தது. மாணவர் விளையாடுவது மாறி, விளையாடுபவர் மாணவராகச் சேர்க்கப்படும் நிலை வந்திருந்தது.

சக மாணவருடன் ஒப்பீடு

மார்கன் ஆய்வின் குறையைக் களையும் முயற்சி 20-ஆம் நூற்றாண்டில் நடந்தது. மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயிசு டப்ளின், 1928-இல் சுமார் 5,000 கல்லூரி விளையாட்டு வீரர்களின் ஆயுளை ஆராய்ந்தார். காப்பீடு செய்துகொண்ட பொதுமக்களைவிட அவர்கள் நலமாகவே இருந்தனர். ஆனால் அடுத்து அவர், அதே கல்லூரிகளில் படித்த மற்ற பட்டதாரிகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீண்டகாலம் வாழ்ந்தவர்கள் படிப்பில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்களே என்று தெரியவந்தது.

1954-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஆலன் ரூக் வெளியிட்ட கேம்பிரிட்சு ஆய்வும் இதையே காட்டியது. 1860 முதல் 1900 வரை அங்கு பயின்ற விளையாட்டு வீரர்கள், படிப்பில் சிறந்தவர்கள், எந்த அடையாளமும் இன்றிக் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள் என மூன்று குழுக்களை அவர் ஒப்பிட்டார். வீரர்கள் சராசரியாக ஏறத்தாழ 68 வயது வரையும், படிப்பாளிகள் 69 வயதுக்குச் சற்று மேலும், பொதுக் குழுவினர் 67 வயதுக்குச் சற்று மேலும் வாழ்ந்திருந்தனர். ஒரே வகுப்பறையில் அமர்ந்தவர்களை ஒப்பிட்டதும் வீரர்களின் 'கூடுதல் ஆயுள்' பெரும்பாலும் மறைந்துவிட்டது. விளையாட்டு ஆயுளைக் குறைக்கவில்லை. குறிப்பிடத்தக்க அளவுக்கு நீட்டவும் இல்லை.

ஆர்வர்டு பட்டதாரிகள் ஆய்வு

இதற்கான விளக்கம் 1978-இல் வந்தது. மருத்துவர் இரால்ப் பாபன்பர்கர் குழுவினர், 1916 முதல் 1950 வரை ஆர்வர்டில் சேர்ந்த 16,936 ஆண்களின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்து, மாரடைப்புக்கும் உடலுழைப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். கல்லூரி அணியில் விளையாடிப் பின்னர் உடற்பயிற்சியைக் கைவிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் அதிகமாக இருந்தது. கல்லூரியில் விளையாடாமல் பின்னாளில் நடை, ஓட்டம், படியேறுதல் என உடலை இயக்கியவர்களுக்கு அது குறைவாக இருந்தது. அதாவது, 20 வயதில் பெற்ற பதக்கம் 50 வயதில் இதயத்தைக் காப்பதில்லை. 50 வயதிலும் தொடரும் பழக்கமே காக்கிறது.

இம்முடிவு கல்லூரி விளையாட்டின் பயனை அளக்கும் முறையையே மாற்றியது. ஒருவர் அணியில் இருந்தபோது எவ்வளவு வலிமையாக இருந்தார் என்பதைவிட, அணியை விட்டு வெளியேறும்போது எந்த நிலையில், எந்தப் பழக்கத்துடன் சென்றார் என்பது முக்கியமானது. காயமுற்ற முழங்காலுடனோ, உடற்பயிற்சியின் மீதே சலிப்புடனோ வெளியேறியவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுகள் பின்னாளில் உதவவில்லை.

ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் இன்று பரவலாக வழங்கும் 'மாணவ-விளையாட்டு வீரர்' என்ற சொல்லின் பின்னணி பலரும் அறியாதது. டென்வர் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ஒருவர் பயிற்சியில் முதுகில் காயமடைந்தார். வளாகத்தில் சிறு வேலைக்கு அவருக்குக் கூலி வழங்கப்பட்டதையும், அந்த வேலை அவர் விளையாடுவதைப் பொறுத்தே கிடைத்ததையும் கருதி, அவருக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு என்று 1953-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் கல்லூரிகள் அச்சமடைந்தன. அப்போது என்.சி.ஏ.ஏ.-இன் செயல் இயக்குநராக இருந்த வால்டர் பையர்சு, வீரர்களை ஊழியர்களாகக் கருதுவதைத் தடுக்கவே இச்சொல் உருவாக்கப்பட்டு எல்லா விதிகளிலும் புகுத்தப்பட்டது என்று 1995-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

1955-இல் போர்ட் லூயிசு கல்லூரி வீரர் ஒருவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கோரியபோது, கால்பந்து கல்லூரியின் தொழில் அன்று என்று கூறி அதே நீதிமன்றம் 1957-இல் மறுத்துவிட்டது. விளையாட்டில் ஊனமடைந்த மாணவருக்கு ஊழியருக்குரிய பாதுகாப்பு இல்லை என்ற நிலை இவ்வாறு உறுதியானது.

1973-இல் உதவித்தொகை நான்கு ஆண்டுகளுக்குப் பதிலாக ஓராண்டுக்கு மட்டும் வழங்கப்பட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் முறை வந்தது. காயமடைந்தாலோ ஆட்டம் தளர்ந்தாலோ அடுத்த ஆண்டுப் படிப்பு கேள்விக்குறியாகும் என்ற கவலை, மற்ற மாணவர்களுக்கு இல்லாத ஒரு சுமையாக வீரர்கள் மீது ஏறியது. பல ஆண்டுகளுக்கான உதவித்தொகையை மீண்டும் வழங்க 2012-இல்தான் வழி செய்யப்பட்டது.

பெண்களின் வருகை

மேற்கூறிய பழைய ஆய்வுகள் அனைத்தும் ஆண்களைப் பற்றியவை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'ஒன்பதாம் தலைப்பு' எனப்படும் சட்டப்பிரிவு 1972-இல் நிறைவேறியபோது, அமெரிக்கக் கல்லூரி அணிகளில் சுமார் 30,000 பெண்களே விளையாடினர். இன்று அந்த எண்ணிக்கை 2 இலட்சத்தைத் தாண்டியுள்ளது.

பெண்கள் வந்த பிறகு புதிய பிரச்சினைகள் வெளிப்பட்டன. போதிய உணவின்மை, மாதவிடாய் நின்றுபோதல், எலும்பு பலவீனம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1992-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரே நிலையாக அடையாளம் கண்டு பெயரிட்டனர். மெலிந்த உடல் எதிர்பார்க்கப்படும் ஓட்டம், சீருடற்பயிற்சி போன்ற விளையாட்டுகளில் இது கூடுதலாகக் காணப்பட்டது. கூடைப்பந்திலும் கால்பந்திலும் முழங்காலின் முன்பக்கச் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பதும் கல்லூரிக் காயப் பதிவேடுகளிலிருந்து தெரியவந்தது. நலமான தோற்றமுடைய ஒரு வீராங்கனை, சக மாணவியைவிட உள்ளே நலிந்திருக்கக் கூடும் என்பதை மருத்துவ உலகம் அப்போதுதான் உணர்ந்தது.

நேரமும் படிப்பும்

மாணவர்களின் நேரத்தைக் காக்க 1991-இல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. போட்டிப் பருவத்தில் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வாரத்துக்கு 20 மணி நேரமே ஒதுக்கலாம் என்றது அவ்விதி. ஆனால் பயணம், காயத்துக்கான சிகிச்சை, 'தன்விருப்ப'ப் பயிற்சி ஆகியவை அக்கணக்கில் சேரா. முழுநாள் நடக்கும் போட்டியும் 3 மணி நேரமாகவே கணக்கிடப்படும். 2015-இல் என்.சி.ஏ.ஏ. நடத்திய கணக்கெடுப்பில், முதல் பிரிவு வீரர்கள் பருவ காலத்தில் வாரத்துக்கு நடு அளவாக 34 மணி நேரம் விளையாட்டுக்கும் 38.5 மணி நேரம் படிப்புக்கும் செலவிடுவதாகக் கூறினர். இவ்விரண்டும் சேர்ந்து 70 மணி நேரத்தைத் தாண்டுகின்றன. இதில் முதலில் குறைவது பெரும்பாலும் உறக்கமே.

படிப்பைப் பற்றிய விரிவான ஒப்பீட்டை சேம்சு சுல்மன், வில்லியம் போவன் ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்டனர். சேர்க்கையில் கடும் போட்டி நிலவும் 30 கல்லூரிகளில் 1951, 1976, 1989 ஆகிய ஆண்டுகளில் சேர்ந்த சுமார் 90,000 மாணவர்களின் தரவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். 1951-இல் சேர்ந்த வீரர்கள் மதிப்பெண்ணில் சக மாணவர்களுக்கு இணையாக இருந்தனர். 1989-இல் சேர்ந்த வீரர்கள் பெரிதும் பின்தங்கியிருந்தனர். எனினும், ஆண் வீரர்கள் பின்னாளில் சக மாணவர்களைவிட அதிக வருமானம் ஈட்டினர். படிப்பில் பின்தங்குதல், வேலையில் முன்னேறுதல் என்ற இரண்டும் ஒரே குழுவில் காணப்பட்டது ஆய்வாளர்களைச் சிந்திக்க வைத்தது.

மரணங்களும் விதிகளும்

1905-இல் தொடங்கிய ஒரு வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் இழப்புக்குப் பிறகே வந்தன. 1997-இன் இறுதியில் எடையைக் குறைக்க உடல் நீரை வற்றச்செய்த மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் இறந்தனர். அதன் பின்னரே எடைக் குறைப்பு முறைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2006-இல் அரிவாள் செல் மரபுக்கூறு கொண்ட இரைசு பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ஒருவர் பயிற்சிக்குப் பின் இறந்தார். 2010-இல் அதற்கான பரிசோதனை முதல் பிரிவு வீரர்களுக்கு நடைமுறைக்கு வந்தது. தலை அதிர்ச்சியைக் கையாளும் திட்டத்தை ஒவ்வொரு கல்லூரியும் வகுக்க வேண்டும் என்ற விதியும் 2010-இல்தான் வந்தது.

மனநலம் இன்னும் தாமதமாகவே கவனம் பெற்றது. என்.சி.ஏ.ஏ. தன் முதல் தலைமை மருத்துவ அதிகாரியாக நரம்பியல் மருத்துவர் பிரையன் ஐன்லைனை 2013-இல் பணியமர்த்தியது. மனநலப் பராமரிப்புக்கான வழிகாட்டுதல் 2016-இல் வெளிவந்தது. உடல் வலியைத் தாங்குவதையே பெருமையாகக் கற்ற வீரர்கள் மன வலியையும் மறைக்கிறார்கள் என்பது இத்துறையில் அடிக்கடி சுட்டப்படும் கருத்து. 'நான் யார்' என்ற கேள்விக்கு 'விளையாட்டு வீரர்' என்ற ஒரே விடையை வைத்திருப்பவர், காயத்தாலோ பட்டமளிப்பாலோ ஆட்டம் முடியும்போது கூடுதலாக நிலைகுலைகிறார் என்பதையும் 1990-களிலிருந்து உளவியலாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

2003 முதல் 2012 வரையிலான தரவுகளின்படி, கல்லூரி வீரர்களிடையே தற்கொலை விகிதம் அதே வயதுப் பொதுமக்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் 2024-இல் வெளியான ஆய்வு மாற்றத்தைக் காட்டியது. 2002 முதல் 2022 வரை நிகழ்ந்த 1,102 மரணங்களில் 128 தற்கொலைகள். முதல் பத்தாண்டுகளில் மொத்த மரணங்களில் 7.6 விழுக்காடாக இருந்த இப்பங்கு, அடுத்த பத்தாண்டுகளில் 15.3 விழுக்காடானது. அணியும் பயிற்சியும் தரும் பாதுகாப்பு எல்லாக் காலத்துக்கும் எல்லோருக்கும் உறுதியானதன்று என்பதை இது உணர்த்தியது.

இரு ஆய்வுகள், இரு விடைகள்

2014-இல் சேனட் சைமன், கேரி டோகர்டி ஆகியோர், முதல் பிரிவில் விளையாடிய 40 முதல் 65 வயது வரையிலான முன்னாள் வீரர்களை, கல்லூரி அணியில் சேராமல் பொழுதுபோக்காக விளையாடியவர்களுடன் ஒப்பிட்டனர். முன்னாள் வீரர்களுக்கே உடல் வலியும் இயக்கக் குறைபாடும் அதிகம் இருந்தன.

2016-இல் கேலப் நிறுவனம் என்.சி.ஏ.ஏ.-க்காக நடத்திய கணக்கெடுப்பு இதற்கு நேர்மாறான விடையைத் தந்தது. 1970 முதல் 2014 வரை பட்டம் பெற்றவர்களிடம் வாழ்வின் நோக்கம், உறவுகள், பொருளாதாரம், சமூகப் பிணைப்பு, உடல்நலம் ஆகிய ஐந்து கூறுகள் பற்றிக் கேட்கப்பட்டது. பொருளாதாரம் தவிர்த்த நான்கிலும் முன்னாள் வீரர்கள் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருந்தனர்.

இவ்விரண்டில் ஒன்று பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. முதல் ஆய்வு கடும் போட்டி நிலவும் முதல் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, சுறுசுறுப்பான சக மாணவர்களுடன் ஒப்பிட்டு, மூட்டுகளையும் வலியையும் அளந்தது. இரண்டாவது ஆய்வு, விளையாட்டுக்கென உதவித்தொகையே வழங்காத மூன்றாம் பிரிவு உட்பட எல்லாப் பிரிவினரையும் சேர்த்து, எல்லாப் பட்டதாரிகளுடனும் ஒப்பிட்டு, வாழ்வைப் பற்றிய அவரவர் மதிப்பீட்டைக் கேட்டது. முழங்கால் வலிக்கும் ஒருவர், தம் நண்பர்களையும் வேலையையும் எண்ணி மனநிறைவுடன் இருப்பதும் இயல்பே.

ஊதியமும் புதிய கேள்விகளும்

2021 சூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்சுடன் வழக்கில், கல்வி சார்ந்த பயன்களுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்த வரம்புகளை ஒருமனதாக நிராகரித்தது. அடுத்த மாதமே வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெற வழி பிறந்தது. 2025 சூனில் நீதிமன்றம் ஏற்ற மற்றோர் உடன்பாட்டின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கான உச்ச வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஒரு நூற்றாண்டுக் காலக் குறை இதனால் ஓரளவு தீர்ந்துள்ளது. அதே வேளையில், இப்பணத்தின் பெரும்பகுதி ஆண்கள் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் செல்கிறது. நீச்சல், மல்யுத்தம், ஓட்டம் போன்ற வருவாயற்ற விளையாட்டு வீரர்களின் நிலை என்னவாகும் என்பது அடுத்த விவாதமாகியுள்ளது.

மதிப்பீடு

அணியில் சேர்பவர்கள் சேரும்போதே சராசரி மாணவரைவிட உடல்நலம் மிக்கவர்கள். எனவே அவர்கள் நலமாக இருப்பது மட்டுமே விளையாட்டின் பயனுக்குச் சான்றாகாது. நண்பர் கூட்டம், ஒழுங்கு, குறிக்கோள் ஆகியவற்றை அணி தருகிறது. உறக்கத்தையும் மூட்டுகளையும் சில வேளைகளில் படிப்பையும் அது எடுத்துக்கொள்கிறது. வரவு எல்லாப் பிரிவினருக்கும் கிடைக்கிறது; செலவு மிகுவது போட்டியும் பணமும் மிகுந்த இடங்களில்தான்.

மேலும், சராசரி என்பது எல்லோரையும் சேர்த்துக் கூட்டிய எண். மார்கன் கணக்கிட்ட 42 ஆண்டுகளுக்குள் அந்த 17 பேரும் அடங்கியிருந்தனர். சராசரி உயர்வாக இருந்ததால் அவர்களின் தீங்கு குறைந்துவிடவில்லை. 1905 முதல் இன்றுவரை கல்லூரி விளையாட்டில் நிகழ்ந்த சீர்திருத்தங்கள் பெரும்பாலும் சராசரியைப் பார்த்துப் பிறந்தவை அல்ல. அந்த 17 பேரைப் போன்றவர்களைப் பார்த்துப் பிறந்தவை.